நிறுத்தும் துணி

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படையின் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். 1963இல் அதே சண்டிகரில் 28ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்த விமானம். அறுபத்திரண்டு வருட வாழ்க்கை. அந்த வாரம் வந்த கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். ஓட்டியவர்களைப் பற்றி, போர்களைப் பற்றி, விபத்துகளைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். அத்தனையும் எழுத வேண்டியவைதான். ஆனால் அந்த விமானம் தரையிறங்கும்போது அதன் பின்னால் விரிந்து அதை இழுத்துப் பிடித்த துணியைப் பற்றி நான் படித்தவற்றில் ஒரு வரியும் இல்லை. அந்தத் துணியை மடித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். அப்பா டேனரியில் தோல் தரம் பிரிப்பவர். நான் விமானப்படையில் சேர்ந்து, சேஃப்டி எக்விப்மென்ட் செக்ஷனில் பணி செய்து ஓய்வு பெற்றவன். புத்தகத்தில் அந்தத் துணிக்குப் பெயர் பிரேக் பாராசூட். தளத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு அது டெயில் சூட்.

பாராசூட் என்றால் மனிதன் ஆகாயத்திலிருந்து இறங்கத்தான் என்று எல்லோரும் நினைப்பது இயல்பு. முதுகில் மாட்டும் பாராசூட்டும் ஓடுகிற வண்டியை நிறுத்தும் பாராசூட்டும் கிட்டத்தட்ட ஒரே வயதுடையவை. நிறுத்தும் பாராசூட் முதலில் வேலை செய்து காட்டியதும் விமானத்தில் அல்ல, ஒரு காரில். ரஷ்யாவில் கிளெப் கோட்டெல்னிகோவ் என்று ஒரு நாடக நடிகர் இருந்தார். 1910இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த விமானக் காட்சியில் லெவ் மத்சியேவிச் என்ற விமானி கீழே விழுந்து இறந்ததைப் பார்த்தவர். அந்த அதிர்ச்சியில் உட்கார்ந்து, முதுகில் பையாக மாட்டிக்கொள்ளும் பாராசூட்டை 1911இல் உருவாக்கினார். துணி விரியுமா, தாங்குமா என்று சோதிக்க 1912 ஜூனில் ஒரு ருஸ்ஸோ-பால்ட் காரில் அதைக் கட்டினார்கள். காரை முழு வேகத்தில் ஓட்டி, வாரை இழுத்தார்கள். துணி விரிந்தது, கார் நின்றது, இழுத்த இழுப்பில் எஞ்சினும் அணைந்துபோனது. மனிதனைக் காப்பாற்றச் செய்த சோதனையில் ஒரு பிரேக் பிறந்துவிட்டது. அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் அப்போது ஆள் இல்லை. அன்றைய காருக்கும் விமானத்துக்கும் அது தேவைப்படும் அளவுக்கு வேகம் இல்லை.

தேவை 1930களில் வந்தது. 1937இல் வட துருவப் பனியில் இறங்கிய சோவியத் விமானங்கள் வழுக்கிக்கொண்டு ஓடாமல் இருக்கப் பின்னால் பாராசூட் விரித்தன. பனியில் சக்கர பிரேக் பிடித்து என்ன ஆகும்? ஜெர்மனியில் தியோடர் நாக்கே, கியார்க் மாடெலுங் என்ற இருவர் துணியை முழுசாக வைக்காமல், நாடா நாடாவாகப் பின்னி இடையில் காற்றுப் போக வழி விட்டார்கள். அடைத்த துணி வேகக் காற்றில் ஆடும், கிழியும். இடைவெளி விட்டது அசையாமல் நின்று இழுக்கும். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலத்தில் வந்த அராடோ 234 என்ற ஜெட் குண்டுவீச்சு விமானம் பிரேக் பாராசூட்டோடு தரையிறங்கியது. போர் முடிந்ததும் நாக்கே அமெரிக்கா போனார். பின்னாளில் நிலவுக்குப் போய்த் திரும்பிய அப்போலோ கலத்தின் பாராசூட்டிலும் அவருடைய உழைப்பு இருந்தது.

போர் இன்னொரு காரியமும் செய்தது. உலகமெங்கும் ஓடுதளங்களைப் போட்டுவிட்டு, ஆளில்லாமல் விட்டுப் போனது. நேரான, நீளமான, வழவழப்பான தரை. வேகப்பித்து பிடித்த இளைஞர்கள் விடுவார்களா? கலிபோர்னியாவில் சாண்டா ஆனா விமானத்தளத்தில் 1950இல் கட்டணம் வாங்கி டிராக் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். இரண்டு வண்டி, ஒரு நேர்கோடு, கால் மைல் தூரம், யார் முதலில் என்பதுதான் கணக்கு. நம் பக்கம் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. பல பத்தாண்டுகள் சோழவரம் என்றாலே மோட்டார் பந்தயம் என்றுதான் சென்னைக்காரர்களுக்கு நினைவு. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது. இப்போது தேசிய டிராக் பந்தயம் அங்கே நடக்கிறது, பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களுக்கு.

கலிபோர்னியா வண்டிகள் வருடத்துக்கு வருடம் வேகம் கூடின. பிரேக் கூடவில்லை. பில் சிம்ப்சன் என்ற பையன், பதினெட்டு வயது, 1958இல் பந்தய முடிவில் வண்டியை நிறுத்த முடியாமல் மோதி இரண்டு கையையும் முறித்துக்கொண்டான். படுக்கையில் கிடந்தபோது அவனுக்கு வந்த யோசனைதான் பாராசூட். ராணுவம் கழித்துப் போட்ட பாராசூட் துணி அப்போது கடையில் மலிவாகக் கிடைத்தது. வாடகைக்குத் தையல் மிஷின் எடுத்து, கூட்டல் குறி வடிவில் தைத்தான். ஜிம் டீஸ்ட் என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் பந்தய வண்டிக்குப் பாராசூட் செய்து விற்றார். 1912இல் காரில் தொடங்கி விமானத்துக்குப் போன துணி, ராணுவக் கழிவு வழியாக மறுபடி காருக்குத் திரும்பியது. இன்று அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ, மணிக்கு 150 மைல் தொடும் எந்த வண்டிக்கும் பாராசூட் கட்டாயம் என்கிறது. 330 மைலைத் தாண்டும் டாப் ஃபியூயல் வண்டிகளில் இரண்டு இருக்கும்.

ஏன் துணி? ஏன் பெரிய பிரேக் போடக்கூடாது? இதை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காற்றின் இழுவை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. சக்கர பிரேக்குக்கு எந்த வேகத்தில் கஷ்டமோ அந்த வேகத்தில்தான் துணிக்கு உச்ச பலம். மிக்-21 தரையைத் தொடும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் இருக்கும். சின்னச் சக்கரம், சின்ன பிரேக். அந்த வேகத்தில் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சூடேறும், டயர் வெடிக்கும். முதலில் துணி இழுத்து வேகத்தைக் கரைக்க வேண்டும். வேகம் பாதியானதும் துணியின் பலம் கால்வாசியாகிவிடும். மிச்சத்தை பிரேக் பார்த்துக்கொள்ளும். துணி விரியவில்லை என்றால் ஓடுதளத்தின் கடைசியில் வலை நிற்கும். அதில் போய் விழ வேண்டியதுதான்.

துணி கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிரேக் பிரீட்லவ் சாட்சி. 1964 அக்டோபரில் யூட்டா மாநிலத்து உப்புவெளியில், ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா என்ற ஜெட் காரில் மணிக்கு 526 மைல் வேகம் போனார், உலக சாதனை. பாராசூட்டுகள் பிய்ந்துபோயின. சக்கர பிரேக் எரிந்துபோனது. வண்டி மைல் கணக்கில் ஓடி, ஒரு தந்திக் கம்பத்தை முறித்து, உப்புக் குட்டைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அவர் நீந்தி வெளியே வந்தார். வேகமாகப் போனதற்குப் பதிவேட்டில் பெயர் வந்தது. நிற்க முடியாமல் போனது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை டெயில் சூட் மடித்தவன் என்ற முறையில் என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

நம் நாட்டில் இந்தத் துணி கான்பூரில் தயாராகிறது. 1941இல், போர்க்காலத்தில், அங்கே பாராசூட் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் பாராசூட் என்றால் பட்டு. மைசூர்ப் பட்டும் அந்தப் போருக்குப் போனது. நைலான் வந்தபின் பட்டு ஒதுங்கியது. 2021 அக்டோபரிலிருந்து அந்தத் தொழிற்சாலை கிளைடர்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. வடிவமைக்கிறவர்கள் ஆக்ராவில், டிஆர்டிஓவின் ஏடிஆர்டிஇ ஆய்வகத்தில். கான்பூர் தைத்து அனுப்பும். தளத்தில் அதை மடித்து, விமானத்தில் ஏற்றி, விரிந்ததைப் பொறுக்கி வந்து, திரும்ப மடிப்பது எங்கள் வேலை. முதலில் வந்த மிக்-21களில் பாராசூட் வயிற்றுப் பக்கம் இருந்தது. பின்னால் வந்த ரகங்களில் வால் துடுப்பின் அடியில், எஞ்சின் வாய்க்கு மேலே ஒரு நீண்ட குழாய்க்குள் போனது.

விமானம் இறங்கியதும் விமானி பட்டனை அழுத்துவார். கூண்டின் கதவு திறக்கும். முதலில் வெளியே வருவது ஒரு சின்னப் பாராசூட். அதற்குள் சுருள் கம்பி இருக்கும், அமுக்கி வைத்திருந்தது விடுபட்டதும் எம்பிக் குதிக்கும். அது காற்றைப் பிடித்துப் பையை இழுக்கும். பையிலிருந்து முதலில் கயிறுகள், கயிறு முழுக்க நீண்டபின் துணி. இந்த வரிசை மாறவே கூடாது. துணி முதலில் வந்தால் கயிற்றில் சுற்றிக்கொள்ளும், அப்புறம் அது வெறும் பின்னல். மடிப்பதென்பதே இந்த வரிசையை மடிப்புக்குள் எழுதி வைப்பதுதான்.

ஓடுதளத்தின் முடிவில் விமானம் திரும்புமுன் விமானி துணியைக் கழற்றிவிடுவார். அங்கே எங்கள் ஆட்கள் வண்டியோடு தயாராக நிற்பார்கள். துணி தரையில் ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடந்தாலும் அடுத்த விமானத்தின் எஞ்சினுக்குள் போய்விடும். ஓடிப்போய் அள்ளி, கயிற்றைக் கையில் வளைத்துச் சுற்றி, வண்டியில் போட்டு வந்துவிட வேண்டும். ராஜஸ்தான் பக்கத்துத் தளத்தில் மண்ணோடு வரும். அஸ்ஸாமில் தண்ணீரோடு வரும். மண்ணைவிடத் தண்ணீர் மோசம் என்று நினைப்பீர்கள். இல்லை. தண்ணீர் காய்ந்துவிடும். மணல் தையலுக்குள் போய் உட்கார்ந்து, அடுத்த இழுப்பில் நூலை அறுக்கும். உதறி, தூரிகையால் தட்டி, தொங்கவிட்டு, மறுபடி உதறுவோம்.

காய்ந்தபின் மேசைக்கு வரும். நீண்ட மேசை, மேலே வழவழப்பான விரிப்பு. இங்கேதான் அப்பா எனக்கு உதவினார். டேனரியில் தோல் தரம் பிரிப்பவர் ஒவ்வொரு தோலையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் வெளிச்சத்தில்தான் காட்டிக்கொடுக்கும். பள்ளிக்கூடத்து விடுமுறையில் அவரோடு போய் நிற்பேன். “மேலே பாத்து ஏமாந்துடாதடா. வெளிச்சத்துக்குப் புடி. அப்புறம் கண்ண மூடிட்டு வெரல ஓட்டு” என்பார். பத்து விரல் முனையிலும் கண் வைத்திருந்த மனிதர்.

நைலானும் அதையேதான் கேட்டது. எஞ்சின் சூட்டில் நைலான் எரியாது, உருகும். உருகிய இடத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழும். அதன் விளிம்பு இறுகி மணி மாதிரி கெட்டியாகும். கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. ஒரு துண்டு பார்த்து முடித்து அடுத்ததற்கு நகர்வோம். எண்ணெய்க் கறை இருக்கிறதா, மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறதா, ஓரத்து மடிப்புத் தையலில் ஒரு கண்ணி விட்டிருக்கிறதா, கயிறு இணையும் இடத்தில் நார் எழும்பியிருக்கிறதா. ஒவ்வொரு கயிற்றையும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு விரலுக்கிடையில் உருவ வேண்டும். கொக்கியில் விரிசல் பார்க்க வேண்டும். ஒட்டுப் போட அனுமதித்த அளவுக்குள் ஓட்டை இருந்தால் தையல் மிஷினுக்குப் போகும். அளவு மீறினால் கழிவு. எத்தனை முறை விரிந்தது என்பதற்கு ஒவ்வொரு சூட்டுக்கும் பதிவு உண்டு; ஆயுள் முடிந்ததென்றால் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும்.

மடிப்பதற்கு இருவர். ஒருவர் உச்சியைக் கொக்கியில் மாட்டி நிற்பார், இன்னொருவர் கயிற்று நுனியில். இழுத்து விறைப்பாக வைத்து, கயிறுகளை இடம் வலமாகப் பிரித்து, ஒன்று இன்னொன்றைத் தாண்டவில்லை என்று பார்த்து, துணியை விசிறி மடிப்பாகப் படிய வைப்போம். படிந்த மடிப்பு எழும்பாமல் இருக்க ஈயக் குண்டு நிரப்பிய சின்னச் சின்னப் பைகளை மேலே வைப்போம். பிறகு துணி பைக்குள் போகும், கயிறு பையின் வளையங்களில் முன்னும் பின்னுமாக வளைந்து உட்காரும். கட்டுவதற்கு ஒரு நூல், அதற்கென்று கணக்கிட்ட பலம். கூடுதல் பலமான நூல் போட்டால் பை திறக்காது. குறைந்த பலம் என்றால் நேரத்துக்கு முன்னால் திறந்துவிடும். கடைசியில் மேசையில் இருந்த கருவிகளை உரக்க எண்ணுவோம். ஈயப் பை ஒன்று குறைந்தாலும் மடித்ததைப் பிரித்தாக வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுத் தந்த வாரண்ட் ஆபீசர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கும் ஊர் என்று பெயர் பெற்ற கிராமம். செக்ஷனில் இந்தியில் பேசுவார். மேசைக்கு எதிரில் நான் மட்டும் நின்றால் தமிழுக்கு வந்துவிடுவார். மடித்து முடித்ததும் கையெழுத்துப் போடும் பதிவேட்டை என் பக்கம் தள்ளுவார். “தம்பி, மடிக்கும்போது பேசு, சிரி, பாட்டுகூடப் பாடு. கையெழுத்து போடும்போது மட்டும் வாயத் தொறக்காத. ஒருதடவ மனசுக்குள்ள முதல்லேருந்து மடிச்சுப் பாத்துட்டு அப்புறம் போடு.” அதற்குப் பிறகு எந்தத் தளத்துக்குப் போனாலும் நான் அப்படித்தான் செய்தேன். எனக்குக் கீழே வந்த பையன்களுக்கும் அதையே சொன்னேன்.

டிராக் பந்தயக்காரர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். மேசைக்குப் பதிலாக வண்டியின் பின்புறமே மேடை. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் கிடைக்கிற நேரம்தான் அவகாசம். பல அணிகளில் ஓட்டுபவரே மடிப்பார், இல்லாவிட்டால் அவர் வீட்டு ஆள். சுருள் கம்பிச் சின்னப் பாராசூட்டை முழங்கையால் அமுக்கி, மடல்களை மூடி, ஊசியைச் செருகுவார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் நெம்புகோலை இழுத்தால் ஊசி உருவி வரும். எங்கள் வேலைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், அவர் மடித்ததை நம்பி அவரே போகிறார். நாங்கள் மடித்ததை நம்பி முகம் தெரியாத ஒருவர் போவார். இரண்டில் எது சுமை என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் பாதையில் ஸ்காட் கலிட்டா என்பவர் ஓட்டிய வண்டியின் எஞ்சின் வெடித்தது. அந்தத் தீயில் பாராசூட்டுகளும் சேதமாகி உதவாமல் போயின. வண்டி ஓடுபாதையின் முடிவைத் தாண்டிப் போய் மோதி அவர் இறந்தார். அடுத்த மாதமே அவர் ஓட்டிய வகை வண்டிகளுக்குப் பந்தய தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். குறைத்த 320 அடியும் நிற்பதற்கான இடமாக மாறியது. ஓடுகிற தூரத்தைவிட நிற்கிற தூரம் நீளமாக இருக்க வேண்டும் என்பதை அந்த விளையாட்டு உயிர் கொடுத்துக் கற்றது.

இதை நான் எங்கள் ஊர்ப் பக்கத்து எருது விடும் விழாவில் நின்றும் யோசித்திருக்கிறேன். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் தை பிறந்தால் ஊருக்கு ஊர் நடக்கும். ஜல்லிக்கட்டு மாதிரி பிடிக்கிற விளையாட்டு இல்லை. காளையை அவிழ்த்துவிட்டால் நேர்கோட்டில் ஓடும். எல்லையைத் தொட்ட நேரத்தை வினாடியின் பின்னம்வரை எடுப்பார்கள். குறைந்த நேரம் எடுத்ததற்குப் பரிசு. உலகத்தின் எந்த டிராக் பந்தயக்காரனும் பார்த்த உடனே புரிந்துகொள்ளும் விளையாட்டு இது. 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு நின்றது, 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தில் எருது விடும் விழா என்று பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

என் கவலை எல்லைக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. ஓடுபாதையின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டுகிறோம். கோட்டைத் தாண்டிய காளை எங்கே போகும்? அதே வேகத்தில் தெருவுக்கு, ரயில் பாதைக்கு, தரைக் கிணற்றுக்குப் போகும். அப்படிச் செத்த காளைகளைப் பற்றிய செய்தி எங்கள் பக்கத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. பிள்ளைபோல வளர்த்த மாட்டைக் கிணற்றிலிருந்து கயிறு கட்டித் தூக்குவதைப் பார்த்து நிற்கும் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க முடியாது. காளைக்குப் பாராசூட் கட்ட முடியாது. ஆனால் இடம் கொடுக்க முடியும். ஓடவிடும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு, கிணறில்லாத, உழுது போட்ட நிலம், இரண்டு பக்கமும் தடுப்பு. உழுத மண்ணில் கால் புதைந்தால் எந்த வேகமும் தானாகக் கரையும். டிராக் பாதைகளின் முடிவில் மணல் படுகை வைப்பதும் இதற்குத்தான். எங்கள் ஊர் விழாக் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். இடம் கிடைக்காத ஊரில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொன்னேன்.

இடம் இருந்தால் துணியே வேண்டாம் என்பதற்கு உதாரணமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அரக்கோணத்தில், முன்பு வேலூர் மாவட்டமாக இருந்து இப்போது ராணிப்பேட்டையில் சேர்ந்த ஊரில், கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி 1992 முதல் இயங்குகிறது. நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஓடுதளம். 2017 வரை அங்கே பறந்த டியூ-142ம் சரி, இன்று பறக்கும் பி-8ஐயும் சரி, கடல் கண்காணிப்புக்கான பெரிய விமானங்கள். பி-8ஐ தரையிறங்கியதும் எஞ்சின் உந்துதலையே முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும். பெரும்பாலான போர் விமானங்களுக்கு அந்த வசதி கிடையாது. குறுகிய ஓடுதளத்திலும் இறங்கியாக வேண்டும். அதனால் சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் 2020இல் வந்த சுகோய்-30 என்று தமிழ்நாட்டில் டெயில் சூட் மடிக்கும் மேசைகள் இப்போதும் ஓய்வில்லாமல் இருக்கின்றன.

ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து விமானப்படைத் தேர்வுக்குப் போகும் பையன்கள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிரிவுதான் வேண்டும். சேஃப்டி எக்விப்மென்ட் என்றால் முகம் வாடுகிறது. அவர்களில் பாதிப் பேருடைய அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர்கள். நான் அவர்களிடம் வீட்டுக்குப் போய்த் தையல் மிஷினில் உட்காரச் சொல்கிறேன். ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணச் சொல்கிறேன். அறுந்த நூலின் முனையைப் பார்த்து, அது தேய்ந்து அறுந்ததா, இழுபட்டு அறுந்ததா, சூட்டில் உருகியதா என்று பிரித்துச் சொல்லப் பழகச் சொல்கிறேன். போன வருடம் தேர்வான ஒருவன் பயிற்சியிலிருந்து போன் செய்தான், நைலான் துணியில் உருகின ஓட்டையை முதல் நாளே கண்டுபிடித்தானாம். “எப்படிடா?” என்றேன். “அம்மா சொல்லிக் கொடுத்தாங்க சார், கண்ண மூடிட்டு வெரல ஓட்டச் சொன்னாங்க” என்றான்.